மாண்டூ சோதனை: டி செல்லின் பதிலைத் தோலில் வாங்கி அளப்பது எப்படி

காசநோய்த் தொற்றைத் தோலில் சோதிக்கும் மாண்டூ ஊசியைப் போடுவது ஒரு நிமிட வேலை. அதைக் கெடுக்கவும் அந்த ஒரு நிமிடமே போதும். ஊசி சற்று ஆழமாக இறங்கிவிடும். மறுநாளே பார்த்து எழுதிவிடுவார்கள். தடிப்பை விட்டுச் சிவப்பை அளப்பார்கள். ஸ்கேலைக் கையின் நீளவாக்கில் வைப்பார்கள். திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் இவைதான். இவற்றைச் செய்யக்கூடாது என்று பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் அரிதாகவே வரும். அந்த ஏனுக்கு விடை டி செல் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுவிடம் இருக்கிறது. காசநோய்க் கிருமியை உடல் முன்பே சந்தித்திருக்கிறதா என்று முன்கைத் தோலில் கேட்கிறோம். பதில் சொல்வது அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல். அது எப்படிக் கேள்வியைப் படிக்கிறது, எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்பது தெரிந்தால், போடுவதிலும் படிப்பதிலும் உள்ள விதிகளை நினைவில் வைக்கப் பாடுபட வேண்டியதில்லை.

குப்பிக்குள் இருப்பது

இராபர்ட் காக் 1890இல் காசநோய்க் கிருமியின் சாறான டியூபர்குலினை அறிமுகப்படுத்தியது காசநோய்க்கு மருந்தாக. மருந்தாக அது தோற்றது. ஆனால் நோய்த்தொற்று உள்ளவர்களின் உடல் அதற்குக் காட்டிய எதிர்வினை மிச்சமானது. 1907இல் வியன்னாவின் ஃபான் பிர்கே தோலைக் கீறி அந்த எதிர்வினையைச் சோதனையாக்கினார். மறு ஆண்டே பிரான்சின் சார்ல் மாண்டூ தோலின் அடுக்குக்குள் ஊசியால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் செய்வது மாண்டூவின் முறைதான். மருந்து மட்டும் மாறிவிட்டது. 1930களில் அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் சைபர்ட், பழைய டியூபர்குலினிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்தார். அதுவே பி.பி.டி.

காசநோய்க் கிருமியைத் திரவத்தில் வளர்த்து, சூடாக்கிக் கொன்று, வடிகட்டி, எஞ்சிய நீரிலிருந்து புரதங்களை வீழ்படிவாக எடுப்பதுதான் பி.பி.டி. தயாரிப்பின் சாரம். இவ்வளவு வெப்பத்தில் புரதத்தின் மடிப்புகள் குலைந்துவிடும். இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி, ஒரு புரதத்தை அதன் மேற்பரப்பு வடிவத்தைக் கொண்டு அடையாளம் காண்பது. வடிவம் போனால் பெரும்பாலும் அதற்கு ஆள் தெரியாது. டி செல் அப்படியல்ல. அது முழுப் புரதத்தைப் பார்ப்பதே இல்லை. நறுக்கிய துண்டில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை மட்டுமே படிக்கிறது. கொதித்தாலும் வரிசை மாறாது. வேகவைத்த புரதம் சோதனைப் பொருளாக இருந்தும் சோதனை வேலை செய்வதன் இரகசியம் இதுதான்.

குப்பியை வாங்கும்போது பார்க்க வேண்டியது அலகு. உலகில் பரவலாகப் பயன்படும் பி.பி.டி. வகை ஆர்.டி.23; இதில் 0.1 மி.லி.யில் 2 டி.யு. (டியூபர்குலின் அலகு) இருப்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு. அமெரிக்க நூல்களில் 5 டி.யு. என்று படித்துவிட்டு ஆர்.டி.23இல் 5 டி.யு. குப்பியைத் தேடாதீர்கள்: அந்த நூல்கள் சொல்வது பி.பி.டி.-எஸ். என்ற வேறு தரத்தை. அதன் 5 டி.யு.வும் ஆர்.டி.23இன் 2 டி.யு.வும் ஏறக்குறைய சமம். நம் மருந்துக் கடைகளில் 1, 2, 5, 10 டி.யு. என்று பல குப்பிகள் கிடைக்கின்றன. 10 டி.யு. போட்டால் காசநோய்க் கிருமியின் உறவான வேறு மைக்கோபாக்டீரியாக்களைச் சந்தித்த டி செல்களும் எழுந்துவிடும், 1 டி.யு. போட்டால் உண்மையான தொற்றே விடுபடலாம்.

குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது. திறந்த குப்பியை எத்தனை நாள் வைக்கலாம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒன்றுக்கு 24 மணி நேரம், இன்னொன்றுக்கு 30 நாள். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்து, திறந்த தேதியையும் நேரத்தையும் குப்பியின் மேலேயே எழுதுங்கள். பி.பி.டி. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும் புரதம். அதைக் குறைக்கத்தான் ட்வீன் 80 சேர்க்கிறார்கள். அப்படியும் முழுதாக நிற்காது. காலையிலேயே இருபது சிரிஞ்சில் ஏற்றி வரிசையாக அடுக்கி வைத்தால், மதியம் வருபவருக்கு மருந்தில் ஒரு பகுதி சிரிஞ்சின் சுவரிலேயே நின்றிருக்கலாம். ஏற்றியவுடன் போடுங்கள்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

செய்முறைக்குப் போகும் முன் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் வரும் எல்லா விதிகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

தோலின் டெர்மிஸ் என்னும் உள் அடுக்கில் டென்ட்ரிடிக் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் காவலுக்கு இருக்கின்றன. செலுத்திய புரதத்தை அவை விழுங்கி, அமிலம் நிறைந்த உள்பைக்குள் தள்ளுகின்றன. அங்கே கதெப்சின் என்னும் நொதிகள் புரதத்தை நறுக்குகின்றன. அதே பைக்கு, துண்டுகளை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் எம்.எச்.சி. இரண்டாம் வகை மூலக்கூறுகளும் வந்து சேர்கின்றன. இந்த மூலக்கூறின் உச்சியில் ஒரு பள்ளம் உண்டு. வரும் வழியில் வேறு எதுவும் உட்கார்ந்துவிடாதபடி அந்தப் பள்ளம் அடைக்கப்பட்டிருக்கும். பைக்குள் வந்ததும் அடைப்பு வெட்டுப்படும். எஞ்சிய சிறு துண்டை எச்.எல்.ஏ.-டி.எம். என்ற உதவியாளர் கழற்றிவிட, பள்ளத்தில் இறுக்கமாகப் பொருந்தும் பெப்டைடு இடம் பிடிக்கும். பெரும்பாலும் 13 முதல் 25 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு அது. பின்பு இந்தச் சோடி செல்லின் மேற்பரப்புக்கு ஏறி நிற்கிறது.

அவ்வழியே வரும் சி.டி.4 வகை டி செல், காவல் செல்லின் மேல் ஊர்ந்து ஒவ்வொரு பள்ளமாகத் தடவிப் பார்க்கிறது. பொருந்தாத சோடியை உடனே விட்டுவிடும். பொருந்தியதில் சில விநாடிகள் நிற்கும். அந்தச் சில விநாடிகள் நின்றால்தான் உள்ளே லிக், சாப்-70 போன்ற நொதிகள் வரிசையாக முடுக்கப்பட்டு, கால்சியம் ஏறி, மரபணுக்கள் திறக்கும். டி செல்லின் ஏற்பி படிப்பது பெப்டைடை மட்டுமல்ல. அதைத் தாங்கி நிற்கும் எம்.எச்.சி.யையும் சேர்த்தே படிக்கிறது. கொலையாளி டி செல்கள் வைரஸ் தொற்றிய செல்லை அழிக்க, எம்.எச்.சி.யும் அவற்றுக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும் என்று 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஜின்கர்னாகலும் டோஹர்ட்டியும் எலிகளில் காட்டினார்கள். 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. எம்.எச்.சி. ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரின் பள்ளத்தில் உட்காரும் துண்டு இன்னொருவரின் பள்ளத்தில் உட்காராமல் போகலாம். ஒரே ஒரு பெப்டைடை வைத்துச் சோதனை செய்தால் பலருக்கு அது கண்ணிலேயே படாது. பி.பி.டி.யில் பல புரதங்கள் கலந்து கிடப்பது சுத்திகரிப்பின் குறைபாடுதான். ஆனால் அந்தக் கலவையால்தான் எவருடைய பள்ளத்துக்கும் ஏதாவது ஒரு துண்டு கிடைக்கிறது.

பெப்டைடு பொருந்தியது முதல் சைகை. இரண்டாவது சைகை, டி செல்லின் சி.டி.28ஐக் காவல் செல்லின் சி.டி.80, சி.டி.86 பிடிப்பது. புதிய டி செல்லுக்கு இந்த இரண்டாவது கட்டாயம். முன்பே அனுபவப்பட்ட நினைவு டி செல் குறைவான தூண்டலிலேயே எழும். எழுந்த செல் இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். என்னும் செய்திப் புரதங்களைச் சுரக்கிறது. பக்கத்து இரத்தக் குழாயின் உள்சுவர் பிசுபிசுப்பாகிறது. மேலும் டி செல்களும் மோனோசைட்டுகளும் அங்கே ஒட்டி, சுவரைக் கடந்து திசுவுக்குள் இறங்குகின்றன. வந்த மேக்ரோஃபேஜ்கள் முறுக்கேறி மேலும் ஆட்களை அழைக்கின்றன. அந்தத் தடிப்பில் கூடியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை காசநோய்க் கிருமியை அறியாதவை. அறிந்தவை மிகச் சில. அந்தச் சிலரின் அழைப்புக்கு வந்த கூட்டத்தைத்தான் நாம் ஸ்கேல் வைத்து அளக்கிறோம்.

இது செல்களின் வேலை, சீரத்தின் (செல்கள் நீக்கிய இரத்த நீரின்) வேலை அல்ல என்பது 1945இல் உறுதியானது. டியூபர்குலினுக்கு எதிர்வினை காட்டும் கினிப்பன்றியின் செல்களை எடுத்து வேறொரு கினிப்பன்றிக்கு மெரில் சேஸ் செலுத்தினார். அதுவும் எதிர்வினை காட்டத் தொடங்கியது. சீரத்தால் அது முடியவில்லை.

நேரக் கணக்கு இப்போது புரியும். முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வேறு வெள்ளணுக்கள் வரும். அவை டி செல்லின் பதிலைச் சொல்பவை அல்ல. சுமார் 12 மணி நேரத்தில் இரத்தக் குழாய்களைச் சுற்றி, டி செல்கள் உள்ளிட்ட லிம்ஃபோசைட்டுகள் சேரத் தொடங்கும். கூட்டம் உச்சத்தை எட்ட 48 முதல் 72 மணி நேரம் ஆகும். கசியும் ஃபைப்ரினோஜன் திசுவுக்குள் ஃபைப்ரினாக உறைவதால்தான் அந்த இடம் கெட்டிப்படுகிறது. பிறவியிலேயே ஃபைப்ரினோஜன் இல்லாதவர்களுக்குச் சிவப்பு வரும், கெட்டித் தடிப்பு வராது. சிவப்பு இரத்தக் குழாய் விரிந்ததன் அடையாளம். ஊசி குத்திய காயத்துக்கும் அது வரும்.

போடும் முறை

முதலில் கேட்க வேண்டியவை: முன்பு மாண்டூ போட்டுப் புண்ணாகியதா, கொப்புளம் வெடித்ததா? ஆம் என்றால் மறுபடி போடக் கூடாது. கடந்த 4 வாரத்துக்குள் தட்டம்மை-ருபெல்லா போன்ற உயிருள்ள தடுப்பூசி போட்டார்களா? போட்டிருந்தால் 4 வாரம் கழியட்டும். அதே நாளில் இரண்டையும் போடுவதில் சிக்கல் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா, எச்.ஐ.வி. உள்ளதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அளவைப் படிக்கும்போது தேவைப்படும். கர்ப்பம் தடையல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் நாள் திரும்பி வர முடியுமா என்று கேளுங்கள். வியாழக்கிழமை போட்டால் படிக்கும் நாள் சனி, ஞாயிறில் விழும். ஞாயிறு விடுமுறை என்றால் சனியைத் தவறவிட்டவரின் சோதனை வீண்.

இடது முன்கையின் உட்பக்கம், முழங்கை மடிப்பிலிருந்து 5 முதல் 10 செ.மீ. கீழே இடம் தேர்ந்தெடுங்கள். இரத்தக் குழாய் தெரியும் இடம், தழும்பு, சொறி, அடர்ந்த முடி ஆகியவை வேண்டாம். ஸ்பிரிட் தடவினால் முழுதாக உலரவிடுங்கள். 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச், 26 அல்லது 27 கேஜ் குட்டை ஊசி. 0.1 மி.லி.க்குச் சற்று அதிகமாக ஏற்றி, காற்றை வெளியேற்றி, சரியாக 0.1இல் நிறுத்துங்கள்.

தோலை மறு கையால் இழுத்துப் பிடியுங்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். 5 முதல் 15 டிகிரி கோணத்தில், ஏறக்குறைய தோலோடு படுத்தபடி நுழையுங்கள். வாய் முழுவதும் தோலுக்குள் மறைந்தவுடன் நிறுத்துங்கள். ஊசியின் நிழல் தோலுக்கடியில் தெரிய வேண்டும். மெல்ல அழுத்துங்கள். கை எதிர்ப்பை உணர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று உள்ளே போனால் தோலுக்கடியில் கொழுப்பில் போய்விட்டது என்று பொருள். சரியாகப் போனால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப்புள்ளியாக, வெளிறிய மேடு ஒன்று எழும்பும். குறுக்களவு 6 முதல் 10 மி.மீ. 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, மருந்து வெளியே வழிந்தாலோ, உடனே மறு கையிலோ அதே கையில் குறைந்தது 5 செ.மீ. தள்ளியோ மீண்டும் போடுங்கள். எந்த இடத்தில் போட்டதைப் படிக்க வேண்டும் என்று அட்டையில் குறியுங்கள்.

ஆழம் ஏன் முக்கியம்? டெர்மிஸில் காவல் செல்கள் நெருக்கமாக உள்ளன. மருந்தும் சிறு இடத்தில் அடைபட்டு நிற்கிறது. கொழுப்பில் போனால் மருந்து விரவி, நீர்த்து, நிணநீரோடு போய்விடும். எதிர்வினை நடந்தாலும் ஆழத்தில் பரந்து கிடப்பதால் விரல் நுனிக்கு விளிம்பு சிக்காது.

ஊசியை எடுத்ததும் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், பேண்டெய்டு ஒட்டாதீர்கள். ஒரு சொட்டு இரத்தம் வந்தால் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்குப் போகிறவரிடம் சொல்ல வேண்டியது: குளிக்கலாம், சொறியக் கூடாது, மஞ்சள், எண்ணெய், களிம்பு எதுவும் பூச வேண்டாம். ஒவ்வாமை அதிர்ச்சி மிக அரிது. ஆனாலும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போட்ட தேதி, மணி, கை, மருந்தின் பெயர், டி.யு., தொகுதி எண் ஆகியவற்றைப் பதியுங்கள். மணியை எழுதுவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 48 மணி நேரம் ஆனதா என்று பிறகு எப்படிக் கணக்கிடுவது?

படிக்கும் முறை

நல்ல வெளிச்சத்தில், முன்கையை மேசை மேல் சற்று மடக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். விரல் நுனியால் மெதுவாக, வெளியிலிருந்து நடுவை நோக்கித் தடவினால் கெட்டி தொடங்கும் விளிம்பு தட்டுப்படும். விரலில் குழப்பம் இருந்தால் பால்பாயிண்ட் பேனா முறை உதவும். தடிப்பிலிருந்து ஓரிரு செ.மீ. தள்ளிப் பேனாவை வைத்து, மிதமான அழுத்தத்தில் நடுவை நோக்கி இழுத்து வாருங்கள். விளிம்பில் பேனா தடுக்கி நிற்கும். கோடு அங்கே முடியட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோடுகளின் முனைகளுக்கு இடையிலான தூரம்தான் அளவு. சோகல் என்ற மருத்துவர் 1975இல் விவரித்த இந்த எளிய முறை, படிப்பவர்களுக்கிடையே வரும் வித்தியாசத்தைக் குறைக்கிறது.

அளப்பது எப்போதும் கையின் குறுக்குவாக்கில். நீளவாக்கிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டாம். பாசிட்டிவா என்று முடிவு செய்யும் வெட்டுப்புள்ளிகள் எல்லாம் குறுக்களவைக் கொண்டே வகுக்கப்பட்டவை. வேறு அளவைக் கொண்டுவந்து அவற்றோடு ஒப்பிட முடியாது. நெகிழும் மி.மீ. ஸ்கேல் அல்லது காலிப்பர் பயன்படுத்துங்கள். 14 என்றால் 14. 15 என்று முழுமையாக்காதீர்கள். படிப்பவர்களின் எண்கள் 10இலும் 15இலும் குவிவது உலகெங்கும் தெரிந்த நோய். கெட்டியே இல்லையென்றால் "0 மி.மீ." என்று எழுதுங்கள், "நெகடிவ்" என்று எழுதாதீர்கள். கொப்புளம், புண் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

24 மணி நேரத்தில் படிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்: அப்போது டி செல்லின் கூட்டம் முழுதாக வந்திருக்காது, ஆன்டிபாடி சார்ந்த உடனடி வீக்கமோ குத்திய காயமோ நம்மை ஏமாற்றலாம். 72 மணி கடந்து வந்தவருக்குத் தடிப்பு இல்லையென்றால் அதை 0 என்று எழுத முடியாது. வந்து வடிந்ததா, வரவே இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. மறுபடி போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கையின் படத்தைப் பார்த்து அளவு சொல்லும் பழக்கம் இப்போது பரவுகிறது. படத்தில் சிவப்பு தெரியும். கெட்டி தெரியாது.

எதிர்வினை பெரிதாக இருந்து வலித்தால் குளிர்ந்த ஒத்தடம் போதும். அரிப்பு அதிகமென்றால், அளந்து முடித்த பிறகு மேற்பூச்சு ஸ்டீராய்டு களிம்பு.

எத்தனை மி.மீ. என்றால் என்ன

இந்தியாவில் பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ். எச்.ஐ.வி. உள்ளவருக்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்கும் 5 மி.மீ. போதும், தினமும் 15 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோனை ஒரு மாதமாக எடுப்பவரும் இதில் சேர்வார். காரணம் நேரடியானது: அழைக்கும் செல்களும் குறைவு, வந்து சேரும் கூட்டமும் குறைவு.

பாசிட்டிவ் என்றால் காசநோய் என்று பொருள் அல்ல. டி செல் அந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கிருமி உள்ளே உறங்குகிறதா, நோயாகக் கிளர்ந்திருக்கிறதா என்பதை இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. இருமலோடு வரும் பெரியவருக்குத் தேவை சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும், மாண்டூ அல்ல. காசநோயாளியின் வீட்டில் உள்ள 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், எச்.ஐ.வி. உள்ளவருக்கும், நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, மாண்டூவுக்குக் காத்திராமலே தடுப்பு சிகிச்சை தொடங்கலாம். இரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் காசநோய் சொல்லும் பரிசோதனைகளை இந்தியா 2012இல் தடை செய்துவிட்டது. செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமிக்கு எதிரான போரின் முன்னணியில் ஆன்டிபாடி இல்லை.

இருந்தும் 0 வருவது

தொற்று ஏற்பட்ட மறுநாளே மாண்டூ பாசிட்டிவ் ஆகாது. நுரையீரலில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் செல் நிணநீர்க் கணுவுக்குப் போக வேண்டும். அங்கே பொருத்தமான ஏற்பி கொண்ட புதிய டி செல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பெப்டைடைப் படிக்கும் புதிய டி செல் லட்சத்தில் ஒன்றோ அதற்கும் அரிதாகவோதான் இருக்கும். அது பெருகி, நினைவு செல்களாகி, உடலெங்கும் சுற்றத் தொடங்க 2 முதல் 8 வாரம் பிடிக்கும். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டவுடன் மற்றவர்களுக்குப் போட்டு 0 வந்தால், கடைசித் தொடர்பிலிருந்து 8 முதல் 10 வாரம் கழித்து மீண்டும் போட வேண்டும்.

தட்டம்மை டியூபர்குலின் எதிர்வினையை அணைத்துவிடும் என்று பிர்கே 1908லேயே பதிவு செய்தார். உயிருள்ள தட்டம்மைத் தடுப்பூசிக்குக் காத்திருக்கச் சொல்வதன் வேர் அங்கே. கடும் ஊட்டச்சத்துக் குறைவு, சி.டி.4 எண்ணிக்கை குறைந்த எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்துகள், சார்காய்டோசிஸ், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் விபரீதமானது காசநோயே காரணமாவது: மூளைக்காய்ச்சலாகவோ உடல் முழுதும் பரவியோ முற்றிய காசநோயில், மாண்டூ பல நேரம் 0. நோய் நடக்கும் இடத்துக்கு டி செல்கள் இழுக்கப்பட்டிருக்கும்; அடக்கும் சைகைகளும் ஓங்கியிருக்கும். 0 மி.மீ.யைக் காட்டி ஒரு குழந்தையின் சிகிச்சையை நிறுத்துவது ஆபத்தான தவறு.

இல்லாமலே பாசிட்டிவ் வருவது

பி.பி.டி.யில் உள்ள பல புரதங்கள் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசிக் கிருமியிலும், மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியாக்களிலும் உண்டு. பெப்டைடின் வரிசை ஒன்றாக இருந்தால் டி செல்லுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் தாக்கம் ஆண்டுகளோடு தேய்கிறது. பத்தாண்டுக்குப் பிறகு அதனால் மட்டும் பாசிட்டிவ் ஆகிறவர் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். ஆகவே பெரியவரின் 16 மி.மீ.யை "அது பி.சி.ஜி. தழும்பு" என்று தள்ளிவிடாதீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையின் 10 மி.மீ.யைப் பற்றி யோசிக்க இடம் உண்டு.

சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியா விஷயத்தில் செங்கல்பட்டு மாவட்டம் உலகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. 1968இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாக்கவில்லை என்ற முடிவு பலரையும் அதிரவைத்தது. அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலானோர் பி.பி.டி.-பி. என்னும், வேறொரு மைக்கோபாக்டீரியாவிலிருந்து எடுத்த பொருளுக்கு ஏற்கனவே எதிர்வினை காட்டினார்கள். அந்த முன் அறிமுகம் தடுப்பூசியின் வேலையை மறைத்திருக்கலாம் என்பது இன்றும் முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. மாண்டூ படிப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி: வெப்ப மண்டலத்தில் 6, 7 மி.மீ. தடிப்புகள் நிறைய வரும், அவற்றில் பல காசநோய்க் கிருமியுடையவை அல்ல.

இன்னொரு கண்ணி, மறுதூண்டல். பல ஆண்டு முன் தொற்று ஏற்பட்டவரிடம் நினைவு டி செல்கள் மெலிந்திருக்கும். முதல் மாண்டூ 4 மி.மீ. காட்டும், ஆனால் அதே ஊசி உறங்கியவர்களை எழுப்பிப் பெருக வைக்கும். அடுத்த ஆண்டு போட்டால் 15 மி.மீ. புதிதாகத் தொற்று வந்துவிட்டது என்று நினைப்போம். செவிலியர் போல ஆண்டுதோறும் சோதிக்கப்படுபவர்களுக்கு, முதல் முறை மட்டும் 1 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டு, அந்த இரண்டாவது அளவையே அடிப்படையாகப் பதியுங்கள்.

அதே கேள்வியைக் குழாயில் கேட்பது

இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனை டி செல்லைத் தோலுக்கு அழைப்பதில்லை. இரத்தத்தோடு குழாய்க்கு எடுத்துவருகிறது. ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரண்டு புரதங்களின் பெப்டைடுகளை மட்டும் காட்டுகிறது. பி.சி.ஜி. கிருமி அந்த மரபணுப் பகுதியை இழந்துவிட்டதால், தடுப்பூசி பெற்றவரின் டி செல்லுக்கு அவற்றைத் தெரியாது. குவான்டிஃபெரான் பிளஸ் வகையில் நான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. இரத்தம். பெப்டைடு குழாயின் உட்சுவரில் காய்ந்து ஒட்டியிருப்பதால் பத்து முறை நன்றாகக் குலுக்க வேண்டும். நுரைக்கும்படி வெறித்தனமாக அல்ல. எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, 16 முதல் 24 மணி நேரம் விட்டு, சுரந்த இன்டர்ஃபெரான் காமாவை அளக்கிறார்கள். பெப்டைடு இல்லாத குழாயைக் கழித்த பின் 0.35 அலகோ அதற்கு மேலோ இருந்து, அது வெற்றுக் குழாயின் அளவில் 25 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ்.

நான்காவது குழாயில் மைட்டோஜென் இருக்கும். அது எந்த ஆன்டிஜெனும் இன்றி டி செல்லை உசுப்பும். அதிலும் பதில் இல்லையென்றால் முடிவு "தீர்மானிக்க முடியவில்லை". டி செல்லே தளர்ந்திருக்கிறது, அல்லது இரத்தம் வழியில் கெட்டுவிட்டது. மாண்டூவுக்கு இப்படியொரு துணைக் குழாய் இல்லை என்பதுதான் அதன் பெரிய குறை. இக்ராவும் நோயையும் உறங்கும் தொற்றையும் பிரிக்காது. விலை உயர்ந்தது என்பதற்காக அதிகம் தெரியும் என்று நினைக்கக் கூடாது.

அண்மையில் இந்தியாவில் வந்துள்ள சி-டிபி இரண்டுக்கும் இடைப்பட்டது. அதே 0.1 மி.லி., அதே தோல் அடுக்கு, அதே 48 முதல் 72 மணி. ஆனால் குப்பிக்குள் இருப்பது ஈசாட்-6, சி.எஃப்.பி.-10. இந்தியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி. எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 மி.மீ. பாசிட்டிவ். பி.பி.டி.யில் 7 மி.மீ. என்பது பலருக்கு நெகடிவ், சி-டிபியில் 7 மி.மீ. எல்லோருக்கும் பாசிட்டிவ், ஒரே மையத்தில் இரண்டு குப்பிகளும் இருந்தால் பதிவேட்டில் மி.மீ.க்கு முன்னால் மருந்தின் பெயரை எழுதுங்கள்.